பங்கும் விலையும்: கட்சால் தீவிலிருந்து ஒரு பார்வை

வணிகவியல் வகுப்புகளில் பங்குச் சந்தைச் சொற்கள் பெரும்பாலும் அகரமுதலி முறையிலேயே கற்பிக்கப்படுகின்றன. முகமதிப்பு என்றால் இது, சந்தை விலை என்றால் இது, ஈவுத்தொகை என்றால் இது என ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வரையறை. தேர்வில் இரண்டு மதிப்பெண். வரையறைகளைப் பிழையின்றி எழுதும் மாணவர்கூடக் கைப்பேசித் திரையில் ஒரு பங்கின் விலையைக் கண்டவுடன், அந்த எண்ணையே அந்நிறுவனத்தின் தகுதியாக எடுத்துக்கொண்டுவிடுகிறார். 11 ரூபாய்ப் பங்கு மலிவு. லட்ச ரூபாய்ப் பங்கு எட்டாக்கனி. இப்பிழையின் விலை சிறியதன்று. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் இழப்பையே கண்டனர்; அவர்தம் மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2023-24ஆம் ஆண்டில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 43 சதவீதத்தினர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். மாணவர் விடுதிகளில் இரவு நேரப் பேச்சு எதைப் பற்றியது என்பதை அறிந்த பேராசிரியர்களுக்கு இந்த எண் வியப்பளிக்காது.

பங்கு விலை என்பது ஒரு நிறுவனத்தின் மதிப்பை அளந்து சொல்லும் கருவி அன்று. வாங்குபவர் ஒருவரும் விற்பவர் ஒருவரும் கடைசியாக உடன்பட்ட இடத்தின் சுவடு மட்டுமே அது. இவ்வொரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள மும்பையின் தலால் தெருவைவிட, பங்குச் சந்தையோடு சேர்த்து எவரும் எண்ணாத ஒரு தீவு கூடுதலாக உதவுகிறது. நடு நிக்கோபாரில், நான்கவுரிக்கு மேற்கே, சுமார் 174 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் கட்சால் அது. பங்குகளின் வரலாறு இத்தீவை இரு முறை தொட்டுச் சென்றிருக்கிறது. முதல் முறை நேர்ந்தது 18ஆம் நூற்றாண்டில்.

வில்லியம் போல்ட்ஸ் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக வங்காளத்தில் பொருளீட்டி, பின்னர் அக்கம்பெனியாலேயே வெளியேற்றப்பட்டவர். 1775இல் அவர் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவிடம் வணிக உரிமைப் பட்டயம் பெற்றார். அவருடைய கப்பல் 1778 ஜூலையில் நிக்கோபாரை அடைந்தது. நான்கவுரி, கமோர்ட்டா, திரிங்கெட், கட்சால் ஆகிய தீவுகள் ஆஸ்திரிய உடைமை என அறிவிக்கப்பட்டன. தரங்கம்பாடியிலிருந்த டேனியர்கள் 1756 முதலே இத்தீவுக்கூட்டம் முழுவதும் தமதென உரிமை கொண்டாடிவந்தவர்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. (கட்சால் சிறிது காலம், ஏட்டளவிலேனும், காவிரிக் கழிமுகத்துக் கோட்டை ஒன்றிலிருந்து ஆளப்பட்டது என்பது தமிழ்நாட்டு மாணவர் பலரும் கேள்விப்படாத செய்தி.)

போல்ட்ஸிடம் பட்டயம் இருந்தது, பணம் இல்லை. ஆன்ட்வெர்ப் நகரத்து வங்கியாளர் புரோலியும் அவருடைய கூட்டாளிகளும் பணம் வைத்திருந்தனர். 1781இல் பட்டயம் அவர்கள் கைக்கு மாறி, திரியெஸ்தே-ஆன்ட்வெர்ப் பேரரசு ஆசியக் கம்பெனி உருவானது. மூலதனம் 20 லட்சம் ஃப்ளோரின். அது 2,000 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. ஆக, ஒரு பங்கின் முகமதிப்பு 1,000 ஃப்ளோரின். பாதிப் பங்குகளைப் புரோலி குழுவினர் எடுத்துக்கொண்டனர். 200 பங்குகள் போல்ட்ஸுக்குச் சென்றன. எஞ்சிய 800 பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன.

முகமதிப்பு எனும் சொல்லை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். பங்குப் பத்திரத்தின் முகத்தில் அச்சிடப்படும் அந்த 1,000, மூலதனத்தை எத்தனை கூறுகளாகப் பிரித்தனர் என்பதன் கணக்கு மட்டுமே. 20 லட்சத்தை 2,000 ஆல் வகுத்தால் 1,000. அதே மூலதனத்தை 20,000 பங்குகளாகப் பிரித்திருந்தால் முகமதிப்பு 100 ஆகியிருக்கும். கப்பல்களின் எண்ணிக்கையும் மாறாது, தேயிலையின் எடையும் மாறாது. ஆன்ட்வெர்ப்பில் 1,000 ஃப்ளோரின் கொடுத்து ஒரு பங்கை வாங்கியவர் உண்மையில் வாங்கியது வேறொன்று: வரப்போகும் ஆதாயத்தில் இரண்டாயிரத்தில் ஒரு கூறு. அந்த ஆதாயம் பெரிதும் சீனத் தேயிலையைச் சார்ந்திருந்தது. 1784இல் பிரிட்டன் தேயிலைச் சுங்கத்தைக் கடுமையாகக் குறைத்தபோது, ஐரோப்பியக் கரையிலிருந்து அங்கே கள்ளத்தனமாகச் சென்ற தேயிலையின் ஆதாயம் வற்றிப்போனது. 1785இல் கம்பெனி நொடித்தது. நிக்கோபாரில் ஆஸ்திரியப் பேராளராக விடப்பட்டிருந்த கோட்ஃபிரீட் ஸ்டால் அதற்கு இரண்டாண்டு முன்னரே அங்கு இறந்துபோயிருந்தார். பத்திரங்களின் முகத்தில் 1,000 என்ற எண் அப்படியே இருந்தது.

இன்றைய இந்தியச் சந்தையில் இதே பாடத்தைச் சொல்வது ரப்பரோடு தொடர்புள்ள ஒரு பங்கு. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்ஆர்எஃப், 2023 ஜூன் 13 அன்று ஒரு பங்கு 1 லட்சம் ரூபாய் எனும் எல்லையைக் கடந்தது. இந்தியாவில் வேறெந்தப் பங்கும் அதற்குமுன் அதைத் தொட்டதில்லை. இந்தியாவின் மிகப் பெரிய நிறுவனம் இதுதானோ என்ற மயக்கம் அன்று பலருக்கு ஏற்பட்டது. உண்மைக் காரணம் எளியது. அந்நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் 42,41,143 மட்டுமே. 1970களுக்குப் பின் போனஸ் பங்கு வழங்கப்படவில்லை; 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு மேலும் பிரிக்கப்படவும் இல்லை. விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது சந்தை மூலதன மதிப்பு. அது அன்று சுமார் 42,400 கோடி ரூபாய். இதற்கு நேர்மாறாக, 2024 ஏப்ரலில் வோடஃபோன் ஐடியா நிறுவனம் ஒரு பங்கை 11 ரூபாய்க்கு வெளியிட்டது. அதன்பின் அதன் பங்குகள் 6,600 கோடிக்கு மேல்; அந்த விலையிலேயே கணக்கிட்டாலும் சந்தை மூலதனம் 70,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 11 ரூபாய் நிறுவனம் லட்ச ரூபாய் நிறுவனத்தைவிடச் சந்தையின் கண்ணில் பெரிதாக நிற்கிறது, அதுவும் நட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது. எனவே ஒரு பங்கின் விலையை இன்னொரு பங்கின் விலையோடு ஒப்பிடுவது, ஒரு வீட்டுக் குழம்பை அகப்பையாலும் இன்னொரு வீட்டுக் குழம்பைத் தேக்கரண்டியாலும் முகந்து, எந்த வீட்டில் குழம்பு அதிகம் என்று தீர்ப்பதைப் போன்றது.

ஈவுத்தொகையிலும் இதே மயக்கம் உண்டு. 2022-23 நிதியாண்டுக்கு எம்ஆர்எஃப் ஒரு பங்குக்கு மொத்தம் 175 ரூபாய் ஈவு வழங்கியது. முகமதிப்பு 10 ரூபாய் ஆதலால் இதை 1,750 சதவீத ஈவு என்றும் சொல்லலாம். நிறுவனங்களின் அறிவிப்புகளில் அவ்வாறு சொல்லும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் லட்ச ரூபாய் கொடுத்து அந்தப் பங்கை வாங்கியவருக்கு அது 0.175 சதவீதம், அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டிக்குக்கூட அருகில் வராது. இரண்டு எண்களும் பொய்யல்ல. ஒன்று முகமதிப்பை வகுத்தியாகக் கொண்டது, மற்றொன்று சந்தை விலையை. எந்த எண்ணால் வகுக்கப்பட்டது என்று கேட்காதவரே ஏமாறுகிறார். விலை-வருவாய் விகிதத்திலும் இக்கேள்வியே மையம். அவ்வாண்டு நிறுவனத்தின் நிகர ஆதாயம் சுமார் 770 கோடி. பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 1,800 ரூபாய். லட்ச ரூபாயை அதனால் வகுத்தால் 55. அதாவது, ஆதாயம் இதே அளவில் நின்றுவிட்டால் போட்ட பணத்துக்கு ஈடாக ஆதாயம் சேர 55 ஆண்டுகள் ஆகும். அப்படி நிற்காது, வளரும் என்று நம்புபவரே அந்த விலையைக் கொடுக்கிறார். விலைக்குள் இருப்பதில் பெரும்பகுதி அந்த நம்பிக்கைதான்.

விலை என்பது உடன்பாட்டின் சுவடு என்றால், உடன்பாடே நிகழாதபோது என்ன ஆகும்? எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் எனும் முதலீட்டு நிறுவனத்தின் கதை இதற்கு விடை. அதன் மொத்தப் பங்குகள் 2 லட்சம். ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தின் பங்குகளைப் பெருமளவில் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அது. ஆயினும் 2024 ஜூனில் அதன் பங்கு விலையாகத் திரையில் நின்ற எண் 3 ரூபாய் 53 காசு. அந்தக் கணக்கில் முழு நிறுவனத்தையும் 7 லட்சத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். சென்னைப் புறநகரில் ஒரு சிறு மனைக்கும் போதாத தொகை. ஒரு பங்குக்கு ஆண்டு ஈவு மட்டுமே 25 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அந்த விலைக்கு வாங்க எவரும் ஆயத்தம். விற்கத்தான் ஆள் இல்லை. நாள்தோறும் விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்குச் சந்தை விதித்த வரம்பு, அந்த எண்ணை அங்கேயே கட்டிவைத்தது. முதலீட்டு நிறுவனப் பங்குகளின் விலையைக் கண்டறியச் செபி தனி ஏல முறைக்கு வழிசெய்தது. 2024 அக்டோபர் 29 அன்று நடந்த ஏலத்துக்குப்பின் அதே பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தது. செய்தித்தாள்கள் இதை 'ஒரே நாளில் பல ஆயிரம் மடங்கு உயர்வு' என்று எழுதின. உயர்ந்தது எதுவுமில்லை. முதல் நாள் திரையில் இருந்தது விலையே அன்று. பழைய விலையின் கல்வெட்டு. ஏல நாளின் விலையுங்கூட ஒரு பங்குக்குரிய புத்தக மதிப்பின் பாதியைத் தொடவில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

பாடத்திட்டக் குழுவினர் இவ்வொரு நிகழ்வை மட்டும் ஒரு வாரம் வகுப்பில் வைத்துப் பேசச் செய்தாலே, நீர்மைத்தன்மை, விலை கண்டறிதல், புத்தக மதிப்பு ஆகிய மூன்று சொற்களும் வரையறை இன்றியே விளங்கிவிடும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதன் தீங்கு, அறியாமை அன்று. அறிந்துவிட்டோம் என்ற துணிவு.

எல்சிட்டின் பங்குக்குத் தவறான எண்ணேனும் திரையில் இருந்தது. எண்ணே இல்லாத பங்குகளும் உண்டு. பங்குகளின் வரலாறு கட்சாலை இரண்டாம் முறை தொட்டது அத்தகைய பங்குகளின் வழியாகத்தான்.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, இலங்கைத் தோட்டங்களில் நாடற்றோராக வாழ்ந்த மலையகத் தமிழர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னர் தீர்க்கப்படும் என்றது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில்கூடப் பங்காளிகளின் கையொப்பம் கேட்கப்படும். இங்கே பகுக்கப்பட்டோரிடம் அதுவும் கேட்கப்படவில்லை. அவ்வாறு தாயகம் திரும்பியோருள் ஒரு சிறு பகுதியினர் கட்சாலில் குடியேற்றப்பட்டனர். அங்கே காடு திருத்தி ரப்பர் நடப்பட்டது. தோட்டம் சுமார் 600 ஹெக்டேராக வளர்ந்தது. விடியுமுன் எழுந்து பட்டையைக் கீறிச் சிரட்டையில் பால் சேர்க்கும் பால்வெட்டுத் தொழிலில், மத்துகமையிலும் களுத்துறையிலும் பழகிய கைகளுக்குப் புதிதாகக் கற்க ஏதுமில்லை. 1977இல் நிறுவப்பட்ட அந்தமான் நிக்கோபார் காடு மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகம் இத்தோட்டத்தை நடத்தியது. அது நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கம்பெனி. அதற்குப் பங்குகள் உண்டு, முகமதிப்பு உண்டு, ஆண்டுதோறும் இருப்புநிலைக் குறிப்பும் உண்டு. பங்குகள் முழுவதும் இந்திய அரசிடம் இருந்தன. எந்தச் சந்தையிலும் பட்டியலிடப்படவில்லை. ஆகவே விலை இல்லை. விற்பவரும் வாங்குபவரும் சந்திக்காத இடத்தில் விலை எனும் சொல்லுக்குப் பொருளே கிடையாது. தீவில் ஒரு குடியிருப்பே அந்தக் கம்பெனியின் ஊதியத்தை நம்பி வாழ்ந்தது என்பதால் விலை பிறந்துவிடாது.

விலை இருந்தது ரப்பருக்கு. அதுவும் கட்சாலில் அன்று, கோட்டயத்திலும் பாங்காக்கிலும். 2011இல் ஆர்எஸ்எஸ்-4 தர ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாயை ஒட்டி உச்சம் கண்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இதே ஐந்தாண்டுகளில் எம்ஆர்எஃப் பங்கு எதிர்த்திசையில் நடந்தது: 2011இல் 10,000 ரூபாய்க்கும் குறைவு, 2016 தொடக்கத்தில் 30,000 ரூபாய்க்கும் மேல். பால்வெட்டுபவரின் வருமானம் எதுவோ, அது டயர் ஆலையின் செலவு. செலவு குறைந்தால் ஆதாயம் கூடும். ஆதாயம் கூடும் என்ற நம்பிக்கை பங்கு விலையில் ஏறும். பங்கு விலை ஏறியதற்கு விற்பனை வளர்ச்சி உட்பட வேறு காரணங்களும் உண்டு. ரப்பர் மட்டுமே காரணம் என்பது மிகை. எனினும், 'சந்தை ஏறியது' என்ற செய்தியைக் கேட்பவர் எவருடைய சந்தை, எவருடைய செலவில் என்று கேட்கப் பழகுவது நல்லது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறு ரப்பர் விவசாயிகள் பலர் அந்த ஆண்டுகளில் பால் வெட்டுவதையே நிறுத்திவிட்டு மரத்தைச் சும்மா விட்டனர். குலசேகரத்திலிருந்து வரும் மாணவர்களுக்கு இது வீட்டுக்கதை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கு விடுமுறை. ஆழிப்பேரலை நிக்கோபாரில் மிகக் கொடுமையாகத் தாக்கிய இடங்களுள் கட்சாலும் ஒன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,300 பேருக்கு மேல் இருந்த தீவில், 2011 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 2,700 பேருக்கும் குறைவு. அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை, டிசம்பர் 31 அன்று, சென்செக்ஸ் 6,600 புள்ளிகளைத் தாண்டி முடிந்தது. அதுவரை அது கண்டிராத உயரம். இதைச் சந்தையின் கொடுமை என்று சொல்வது உணர்ச்சிவயமான வாசிப்பு. சென்செக்ஸ் 30 நிறுவனங்களின் பங்கு விலையைத் தொகுத்து, 1978-79ஐ 100 எனக் கொண்டு கணக்கிடப்படும் எண். அந்த 30 நிறுவனங்களின் எதிர்கால ஆதாயத்தில் நிக்கோபாரின் தென்னைகளும் பன்றிகளும் மனிதரும் எந்த வரியிலும் இல்லை. குறியீடு தான் அளப்பதைச் சரியாகவே அளந்தது. தவறு, அதை நாட்டின் நாடித்துடிப்பு என்று நாள்தோறும் மாலையில் வாசிக்கும் பழக்கத்தில் இருக்கிறது.

கழகத்தின் முடிவும் எந்தக் குறியீட்டிலும் பதிவாகவில்லை. தீவுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் பிறப்பித்த ஆணைக்குப்பின் அதன் முதன்மை வருவாய் நின்றது. அரசுக் கடனில் ஊதியம் கொடுத்துக் காலம் தள்ளிய நிறுவனத்தை மூட 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிறுவனம் ஒன்று கலைக்கப்படும்போது ஊழியர் நிலுவையும் கடன்களும் முதலில் தீர்க்கப்பட்டு, எஞ்சியது மட்டுமே பங்குதாரரைச் சேரும் என்பது பொது விதி. 'எஞ்சியதற்கு உரியவர்' என்பதே பங்குதாரர் எனும் சொல்லின் சட்டப் பொருள். 'உரிமையாளர்' என்ற பாடநூல் மொழிபெயர்ப்பு இதை மறைத்துவிடுகிறது.

தமிழில் 'பங்கு' என்ற சொல் சந்தைக்கு முன்னரே இருந்தது. பங்காளி, பங்கு பிரித்தல், ஊர்ப்பங்கு என்பவற்றில் பங்கு என்பது உறவின் பெயர். அதைத் தெருவில் வைத்து அந்நியருக்கு விற்க முடியாது. நிக்கோபாரியரிடம் இதற்கு நெருங்கிய வடிவம் 'துஹேத்' எனும் கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னையும் துஹேத்தின் உடைமை. அதன் உறுப்பினர் அனைவருக்கும் அதில் உரிமை உண்டு. தனியொருவருக்கு எத்தனை சதவீதம் என்ற வகுத்தல் அதில் இல்லை. விலை எனும் கருத்து அவர்களுக்குப் புதிதன்று. கப்பல்களில் வந்த துணிக்கும் இரும்புக்கும் வெள்ளிக் கரண்டிக்கும் தேங்காய் எண்ணிக்கையில் விலை பேசியவர்கள் அவர்கள். விலை பேசத் தெரிந்த மக்கள் நிலத்தின் கூறுகளுக்கு விலை வைக்காமல் இருந்தனர் என்பதே கவனிக்கத்தக்கது.

பேரலைக்குப் பிந்தைய நிவாரணம் இந்த அமைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. இழப்பீடும் வீடும் கணவன், மனைவி, பிள்ளைகள் எனும் தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டு வழங்கப்பட்டன. வங்கிக் கணக்குகள் தனித்தனிப் பெயர்களில் திறக்கப்பட்டன. நடு நிக்கோபாரில் நெடுங்காலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜீத் சிங் போன்றோர், இப்பணம் துஹேத்துகளுக்குள் பிளவுகளை உண்டாக்கியதைப் பதிவு செய்திருக்கின்றனர். அதுவரை பிரிக்கப்படாதிருந்த ஒன்றுக்கு, பிரித்துக் கொடுக்கப்பட்ட தொகையின் வழியாக முதன்முறையாக ஒரு முகமதிப்பு எழுதப்பட்டது.